ஓடும்போது கேபிளைச் செருகாதீர்கள்

மார்ச் 3, செவ்வாய்

ஆபீஸ் லேப்டாப்பில் இனிமேல் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதக்கூடாது என்று சென்னியப்பன் சார் சொல்லிவிட்டார். மெயில் கூடாது, வாட்ஸ்அப் கூடாது. கோர்ட்டுவரைக்கும் போனால் எல்லாவற்றையும் தோண்டி எடுப்பார்களாம். அதனால் மருந்துக்கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்த இந்த டைரியை எடுத்திருக்கிறேன். வரிசையாக எழுதினால் படபடப்பு குறைகிறதா பார்ப்போம்.

கம்பெனி கோயம்புத்தூர் கணபதியில் இருக்கிறது. சென்னியப்பன் சார் தொடங்கியது. நாற்பத்து மூன்று பேர். சிரிஞ்ச் பம்ப் செய்கிறோம். தீவிர சிகிச்சையில் கிடப்பவர்களின் உடம்புக்குள் மருந்தை மணிக்கு இத்தனை மில்லி என்று அளந்து மெதுவாகத் தள்ளுகிற கருவி. உள்ளே ஒரு சிப். அந்தச் சிப்பில் ஓடும் புரோகிராம் என் வேலை. பதினோரு வருஷமாக.

பம்பின் பின்பக்கம் ஒரு யூஎஸ்பி துளை உண்டு. ஆஸ்பத்திரி டெக்னீசியன் மாதம் ஒருமுறை அதில் கேபிளைச் செருகி, பம்ப் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்ற பதிவைக் கணினியில் இறக்கிக்கொள்வார். அதற்கான டிரைவரை, அதாவது அந்தத் துளையை இயக்குகிற சின்ன புரோகிராமை, நாங்கள் எழுதவில்லை. சிப் செய்யும் வெளிநாட்டுக் கம்பெனியே இலவசமாகத் தருகிறது. நிபந்தனை ஒன்றுதான்: தங்கள் சிப்பில் மட்டும் ஓட்ட வேண்டும். டிரைவர் கோப்பின் முதல் பத்து வரிக்குள் அது எழுதியிருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தச் சிப் எங்குமே கிடைக்கவில்லை. ஒரு வருஷம் பொறுங்கள் என்றார்கள். சென்னை வியாபாரி ஒருவர் வேறு கம்பெனி சிப்பைக் கொண்டுவந்தார். அதே அளவு, அதே கால்கள், அதே இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. டிரைவர் மட்டும் சிப்பின் அடையாள எண்ணைப் பார்த்துவிட்டு ஓட மறுத்தது. அந்தச் சோதனை வரி எடுக்கப்பட்டது. பிறகு ஓடியது.

ஜனவரி 27 அன்று அசல் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தேன். யூஎஸ்பி சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறதே, ஏன் என்று. கொஞ்ச நாள் கழித்து, சோதனைக் கோப்பை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அதன் நான்காவது வரியில் சிப்பின் அடையாள எண் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

இன்று காலை பதில் வந்தது. உதவி செய்கிற எஞ்சினியர் எழுதவில்லை, சட்டப் பிரிவு எழுதியிருக்கிறது. எத்தனை கருவிகளில் எங்கள் டிரைவர் வேறு சிப்பில் ஓடுகிறது? எப்போதிலிருந்து? சோதனை வரியை எடுத்தது யார்? பதினான்கு நாளில் பதில் வேண்டும்.

மூன்றாவது கேள்வியைப் படித்தபோது டம்ளரைச் சாய்த்துவிட்டேன். கீபோர்டெல்லாம் டீ.


மார்ச் 4, புதன்

ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டுக்காரர் பூபதி கேட்டார். வயிறு சரியில்லை என்றேன். சுக்குத் தண்ணி போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.


மார்ச் 6, வெள்ளி

சார் ரூமுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏம்மா ஹேமா, எதுக்கு நீ அவங்ககிட்டப் போய்க் கேட்ட? நம்மகிட்ட இருக்கறது அவங்க சிப்பில்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க சார். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் கம்ப்ளெயின்ட் வந்துச்சே. அதனாலதான்."

"அதுக்குத்தான் நாம பதில் எழுதிட்டமே."

எழுதிவிட்டோம். ஈரோடு பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. பச்சிளங்குழந்தைகள் பிரிவு. ஜனவரி 22 அன்று பகல் பதினொரு மணிக்கு, எட்டு நாள் குழந்தைக்கு ரத்த அழுத்தம் விழாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து எங்கள் பம்பில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அழுத்தம் சடசடவென இறங்கியது. பம்ப் நின்றுபோய்விட்டது, அலாரம் அடிக்கவில்லை என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். சிரிஞ்சை வேறு பம்புக்கு மாற்றினார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

அவர்கள் அனுப்பிய பதிவுக் கோப்பைப் பார்த்துவிட்டு ஜனவரி 29 அன்று நான் பதில் தயார் செய்தேன். "கருவியின் பதிவில் எந்த நிறுத்தமும் இல்லை. கருவி தொடர்ந்து இயங்கியுள்ளது." சாரும் நானும் கையெழுத்துப் போட்டோம். முதல் வாக்கியம் உண்மை. பதிவில் நிறுத்தம் இல்லைதான்.

சட்டப் பிரிவுக்கு என்ன பதில் சொல்வது என்று சார் யோசித்து வைத்திருக்கிறார். பரிசோதனைக்காகப் பன்னிரண்டு கருவியில் மட்டும் மாற்றிப் பார்த்தோம், எதுவும் வெளியே போகவில்லை என்று.

வெளியே போயிருப்பது இருநூற்றுப் பதினான்கு.

நான் எழுந்து என் இடத்துக்கு வந்தேன்.


மார்ச் 9, திங்கள்

ஷாகிரா பானு எங்கள் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறாள். ஏழு வருஷமாக. சத்தம் போடாத பெண். இன்று காலை அவளிடம் ஒரு பம்பில் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சை வைத்து ஓடவிடச் சொன்னேன். ஓடும்போதே கேபிளைச் செருகிச் செருகி எடுக்கச் சொன்னேன்.

"எத்தனை தடவைக்கா?"

"ஏதாவது ஆகிற வரைக்கும்."

இருபத்தெட்டாவது தடவை ஆனது.

திரையில் மணிக்கு இரண்டு மில்லி என்று காட்டியபடியே இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. சிரிஞ்சின் பிஸ்டனைத் தள்ளும் கை மட்டும் நகரவில்லை. நானும் அவளும் பார்த்துக்கொண்டே நின்றோம். ஏழு நிமிஷம். கேபிளைப் பிடுங்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல் திரும்ப ஓட ஆரம்பித்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கேபிள் செருகியதும் டிரைவர் சிப்பிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அந்த இடத்திலேயே காத்து நிற்கிறது. அசல் சிப் உடனே பதில் சொல்லும். இந்தச் சிப் எப்போதாவது சொல்லாமல் விட்டுவிடுகிறது. டிரைவர் நிற்கிறது. டிரைவர் நின்றால் மோட்டாரை நகர்த்துகிற பகுதியும், அலாரம் அடிக்கிற பகுதியும், பதிவு எழுதுகிற பகுதியும் நிற்கும். பம்பின் கடிகாரமும் நிற்கும். அதனால் தான் நின்றதே அதற்குத் தெரியாது. கடிகாரம் பிந்திப்போனதை வைத்தாவது கண்டுபிடிக்கலாம் என்றால், அடுத்த முறை கணினியோடு இணைந்ததும் முதல் வேலையாக நேரம் சரிசெய்யப்பட்டுவிடும்.

ஷாகிரா கேட்டாள், "வாட்ச்டாக் ஏன்க்கா எழுப்பல?"

வாட்ச்டாக் என்பது சிப்புக்குள் இருக்கிற காவலாளி. புரோகிராம் இரண்டு விநாடிக்கு ஒருமுறை அதற்கு 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பம்பை நிறுத்தி, பலமாக அலாரம் அடித்து, முதலிலிருந்து தொடங்கவைக்கும்.

பார்க்கணும் என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரிஞ்சைக் கழற்றிக் கழுவப் போனாள்.


மார்ச் 10, செவ்வாய்

பன்னிரண்டு என்று பதில் போய்விட்டது.


மார்ச் 12, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"ஹேமலதா மேடமா? நான் சிஸ்டர் ஜெபக்கனி பேசுதேன். அந்தக் குழந்தை வார்டு நர்சு."

சோற்றைப் பிசைந்த கையோடு வெளியே வந்துவிட்டேன். நான் எழுதிய கடிதத்தின் அடியில் என் நம்பர் இருந்ததாம்.

"என்னை டூட்டியில இருந்து நிறுத்தி ஒன்றரை மாசம் ஆகுது மேடம். வர்ற புதன்கிழமை விசாரணை. நான் மருந்து சரியா லோடு பண்ணல, அதை மறைக்கதுக்கு மிஷின் மேல பழி போடுதேன்னு சொல்லுதாங்க. உங்க கடுதாசியத்தான் காட்டுதாங்க."

சுவரோரமாக நகர்ந்தேன்.

"மேடம், கேக்கீங்களா?"

"கேக்கறேங்க."

"மிஷின் நிக்கவே இல்லன்னு நீங்க எழுதியிருக்கீங்க. நான் என் கண்ணால பாத்தேன். விளக்கு எரியுது, நம்பர் காட்டுது, தள்ளுத கம்பி மட்டும் அசையல. ஆறு நிமிசம் இருக்கும். நான் பொய் சொல்லுத ஆளு இல்ல மேடம். பதினாறு வருசம் சர்வீசு."

"அந்த நேரத்துல பின்னாடி கேபிள் ஏதாவது செருகியிருந்துச்சுங்களா?"

"ஆமா. டெக்னீசியன் தம்பி மாசக் கணக்கு எடுக்க வந்திருந்தாரு. செருகிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போயிட்டாரு. நான் சிரிஞ்ச மாத்துத அவசரத்துல அந்த வயரையும் பிடுங்கிப் போட்டேன். ஏன் மேடம்? என்கிட்ட யாரும் இதைக் கேக்கலையே?"

ஆபீஸில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நன்றி சொல்லி வைத்தார். எனக்குப் போய் நன்றி சொல்கிறார்.

கை கழுவிவிட்டுப் பார்த்தால் டிபன் பாக்ஸை எறும்பு மொய்த்திருந்தது.


மார்ச் 13, வெள்ளி

சாரிடம் சொன்னேன். ஷாகிராவின் சோதனை, ஏழு நிமிஷம், நர்ஸ், எல்லாம். அவர் முகம் வெளுத்துப்போனது. அவரும் பயந்துதான் போயிருக்கிறார். என்னைவிட அதிகமாக.

"சத்தமில்லாம சரி பண்ணிடலாம். சர்வீஸ்னு சொல்லி ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஆளனுப்பி புது புரோகிராமை ஏத்திடு."

"ஏத்தறதுக்கும் அந்தக் கேபிளைத்தான் செருகணும் சார். அதுவரைக்கும் மாசா மாசம் டெக்னீசியனுங்க செருகிட்டேதான் இருப்பாங்க. மொதல்ல எல்லா ஆஸ்பத்திரிக்கும் நோட்டீஸ் போகணும். நோயாளிக்கு ஓடறப்ப கேபிளைச் செருகாதீங்கன்னு."

"நோட்டீஸ்னா காரணம் எழுதோணும். அது கவர்மென்ட்டுக்குப் போகும். அங்கிருந்து சிப் கம்பெனிக்குத் தெரியும். பன்னெண்டுன்னு எழுதிக் கொடுத்து மூணு நாள்கூட ஆகல. நாற்பத்து மூணு குடும்பம்மா இங்க."

"சார், குழந்தைங்க வார்டு."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பாமலே சொன்னார்.

"அந்த வாட்ச்டாக் ஏன் எழுப்பலன்னும் கேப்பாங்க. காத்திருக்கற இடத்துல 'இருக்கறேன், இருக்கறேன்'னு பொய் சொல்ற வரி ஒண்ணு இருக்குதாமா. சிப் கம்பெனி கேள்வி வந்ததுமே நம்ம புரோகிராமை வெளி ஆள் ஒருத்தர வெச்சுப் பாக்கச் சொன்னேன். மூணு வருஷத்துக்கு முன்னால போட்ட வரி. பக்கத்துல போட்டவங்க பேரும் தேதியும் இருக்குது. அது என் பேர் இல்லை."

ஆமாம்.

சோதனை வரியை எடுத்ததும் நான். இந்த வரியைப் போட்டதும் நான். புதுச் சிப் வந்த புதிதில் கேபிளைச் செருகினால் சில நேரம் பம்ப் தானாக ரீஸ்டார்ட் ஆகி அலறியது. டெலிவரிக்கு நான்கு நாள்தான் இருந்தது. அந்த வரியைப் போட்டேன். அலறல் நின்றது. நான் மூடியது காவலாளியின் வாயை.

அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால், ஜனவரி 22 அன்று பம்ப் இரண்டு விநாடியில் அலறியிருக்கும்.


மார்ச் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். மாவு அரைத்தேன். ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைத்தேன். பூபதி பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "இப்பவாவது சொல்றியா, இல்ல ஃபேனையும் கழட்டித் துடைக்கப் போறியா?" என்றார்.

சொன்னேன். முழுதாக.

அவர் பாலிடெக்னிக்கில் வாத்தியார். பாடம் கேட்பதுபோல் நடுவில் பேசாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுதறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் சிப் கம்பெனிகிட்ட சந்தேகம் கேட்டிருக்க. அப்ப நிக்குதுன்னு தெரிஞ்சேதான் நிக்கலைன்னு எழுதினியா?"

சந்தேகம்தான், உறுதி இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை. நானும்தான்.

"ஜெயிலுக்குப் போக வேண்டி வருமா?"

"தெரியலைங்க."

போய் நாளைக்குப் போடுகிற சட்டைகளை அயர்ன் செய்ய ஆரம்பித்தார். ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார்.


மார்ச் 16, திங்கள்

டெஸ்டிங் ரூமில் ஷாகிரா ஒரு பழைய நோட்டை என் முன்னால் வைத்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தையது. அவள் கையெழுத்தில்: 'கேபிள் செருகினால் ரீஸ்டார்ட் ஆகிறது. 30இல் 1. ஹேமா அக்காவிடம் சொல்லப்பட்டது.' அடுத்த பக்கத்தில் என் கையெழுத்து: 'சரி செய்யப்பட்டது. பாஸ்.'

"சார் இந்த நோட்டக் கேட்டாருக்கா. காணலைன்னு சொல்லிட்டேன்." கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "கிழிச்சுப் போட்டுடவா? யாருக்கும் தெரியாது."

வேண்டாம் என்று உடனே சொன்னேன் என எழுத ஆசையாக இருக்கிறது. உடனே சொல்லவில்லை. அந்தப் பக்கம் எத்தனை மெல்லிசு, இழுத்தால் எப்படி வரும் என்றெல்லாம் பார்த்தேன். வெளியே பேக்கிங் மேஜையில் டேப் இழுக்கும் சத்தம் கேட்டது. இன்றும் நான்கு பம்ப் போகிறது.

"பத்திரமா வை" என்றேன் கடைசியில். "புதன்கிழமைக்கு ஒரு பம்ப் வெளிய எடுத்துட்டுப் போகணும். டெஸ்ட்டுக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றியா?"

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. போட்டுத் தந்தாள்.


மார்ச் 18, புதன்

காந்திபுரத்தில் ஏழு மணி ஈரோடு பஸ். பம்பைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். சாருக்கு எதுவும் சொல்லவில்லை. லீவு என்று மட்டும் மெசேஜ்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒல்லியாக, நீலச் சேலையில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். கேட்காமலே ஜெபக்கனி என்று தெரிந்தது. என் கையிலிருந்த மூட்டையைத்தான் முதலில் பார்த்தார்.

விசாரணை அறையில் நான்கு பேர். மெடிக்கல் டைரக்டர் ஒரு அம்மா. அப்புறம் நர்சிங் சூப்பரின்டென்டென்ட், ஆபீஸ் மேனேஜர், அந்த டெக்னீசியன். நான் யார் என்று சொன்னேன். இந்தக் கடிதத்தை எழுதியது நான்தான், அது தவறு என்றேன்.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தவறுன்னா? பதிவு உங்க மிஷினோடதுதானே?"

"நின்ன நேரத்தை அதால பதிவு பண்ண முடியாதுங்க மேடம். காட்டறேன்."

சிரிஞ்சை வைத்து ஓடவிட்டேன். கேபிளைச் செருகினேன். ஓடியது. எடுத்தேன். செருகினேன். ஓடியது. பத்து தடவை. ஓடியது. மூன்று வருஷமாக அது நிற்கக்கூடாது என்று கும்பிட்டவள் நான். இன்று நில்லு நில்லு என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இருபது. விரல் வியர்த்துக் கேபிள் வழுக்கியது. மேனேஜர் மணியைப் பார்த்தார். இருபத்தெட்டு கடந்துவிட்டது. முப்பது.

"எல்லாருக்கும் ரவுண்ட்ஸ் இருக்கு" என்றார் டைரக்டர். "இது ஓடிட்டுத்தானே இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் மேடம்."

ஜெபக்கனி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்தது. ஜெபம்.

முப்பத்தேழாவது தடவை செருகினேன். பச்சை விளக்கு. மணிக்கு இரண்டு மில்லி. டெக்னீசியன்தான் முதலில் குனிந்து பார்த்தார்.

"மேடம், கம்பி நகரல."

டைரக்டர் எழுந்து வந்தார். சிரிஞ்சின் அளவுக்கோட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று நிமிஷம் ஆனதும், "பதிவை இறக்குங்க" என்றார். பிடுங்கி, திரும்பச் செருகி இறக்கினேன். இடைவெளி இல்லாத பதிவு. அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"வார்டுல இப்ப இந்த மிஷின் எத்தனை ஓடுது?" என்று டெக்னீசியனிடம் கேட்டார்.

"ஒன்பது மேடம்."

"போ. பின்னாடி துளை எல்லாத்துலயும் பிளாஸ்திரி ஒட்டு. இப்பவே."

அவர் ஓடினார். ஜெபக்கனியும் கூடவே ஓடினார், தான் டூட்டியில் இல்லை என்பதை மறந்து.

இதற்கெல்லாம் காரணம் யார் என்று டைரக்டர் கேட்டார். சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.


மார்ச் 19, வியாழன்

சார் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றே போன் வந்துவிட்டது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் அவர்கள் எழுதிவிட்டார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"சொன்னா போக விட்டிருக்க மாட்டீங்க சார்."

"விட்டிருக்க மாட்டேன்தான்." நோட்டீஸை எடுத்து வாசித்தார். நான் எழுதியது, ஒரே பக்கம். 'நோயாளிக்கு ஓடும்போது கேபிளைச் செருகாதீர்கள். துளையை மூடி ஒட்டிவிடுங்கள்.' கீழே காரணம், சிப் மாறியது உட்பட. பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். "உம் மேல எனக்குக் கோபம் தீராது ஹேமா. அதையும் தெரிஞ்சுக்கோ."

கையெழுத்துப் போட்டார். முப்பத்தொரு ஆஸ்பத்திரிகள். ஷாகிராவும் நானும் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் போன் செய்து முடித்தோம். இரண்டு இடத்தில் யாரும் எடுக்கவில்லை. ஆள் அனுப்பினோம்.


மார்ச் 27, வெள்ளி

சிப் கம்பெனியின் பதில். பன்னிரண்டு பொய், இருநூற்றுப் பதினான்கு நிஜம் என்று அவர்களுக்கும் எழுதியிருந்தோம். மன்னிப்பும் இல்லை, அனுமதியும் இல்லை. எல்லாக் கருவியிலிருந்தும் அவர்கள் டிரைவரை நீக்க வேண்டும், அதுவரை ஒன்றும் விற்கக்கூடாது. வழக்கு போடுவதா இல்லையா என்று பிறகு சொல்வார்களாம்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இன்ஸ்பெக்டர் வந்து ஷாகிராவின் நோட்டை ரசீது கொடுத்து எடுத்துப் போனார். என் வாக்குமூலம் நாலு பக்கம். நடுவில் நிறுத்தி, "இது உங்களுக்கு எதிராப் போகுமேம்மா, தெரியுமில்ல?" என்று கேட்டார். தெரியும் என்றேன். நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

பாதிப் பேருக்கு லீவு கொடுத்துவிட்டார்கள். பேக்கிங் மல்லிகா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.


ஏப்ரல் 2, வியாழன்

ஜெபக்கனி போன் செய்தார். திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். ஆனால் குழந்தை வார்டில் இல்லை, புறநோயாளிப் பிரிவில் சீட்டு எழுதும் வேலை. "பழசு மனசுல இருக்கும்லா அவங்களுக்கு" என்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீங்க சாப்டீங்களா மேடம்?" என்றுதான் கேட்டார்.


ஏப்ரல் 8, புதன்

இதைத்தான் எழுதப் பயந்து இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

திங்கட்கிழமை மதியம். பழைய டிரைவரைத் தூக்கிவிட்டு, புதிதாக நானே ஒன்றை முதல் வரியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ தேடி வந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். நாற்பது வயதிருக்கும். சட்டை முழுக்கப் பெயின்ட் புள்ளிகள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வேலையாம். பேர் மாதேஸ்வரன்.

"ஆஸ்பத்திரியில நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. படிச்சேன். உங்க மிஷினுதான் எங்கப்பாவுக்கும் வெச்சிருந்தாங்க. போன நவம்பர்ல."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பதினெட்டாந் தேதி. காலையில பிரஷர் மருந்து ஓடிட்டு இருந்துச்சு. நான்தான் பக்கத்துல இருந்தேன். வயர் ஒண்ண மாட்டி ஏதோ எடுத்துட்டிருந்தாரு ஒருத்தரு. நான் ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்னு கீழ போனேன். பத்து நிமிஷம். வந்து பாத்தா எல்லாரும் அப்பா நெஞ்ச அமுக்கிட்டு இருக்கறாங்க."

டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நின்னுச்சுங்களா?"

பொய் சொல்ல இரண்டு வழி இருந்தது. இல்லை என்று சொல்லலாம். ஆமாம் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

"தெரியலைங்க" என்றேன். "நின்னிருக்கலாம். நின்னிருந்தா அது எங்கயும் பதிவாகியிருக்காது. சத்தமும் போட்டிருக்காது. சத்தம் போட விடாம பண்ணது நான்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் பின்னால் நகரவில்லை. நகர இடமும் இல்லை, பின்னால் மேஜை.

பிறகு பிடியை விட்டார்.

"எங்கம்மா அஞ்சு மாசமா எங்கிட்டப் பேசறதில்ல. நான் டீ குடிக்கப் போகாம பக்கத்துலயே இருந்திருந்தா அப்பா பொழச்சிருப்பாருன்னு. நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்கறேன்."

"நீங்க இருந்திருந்தாலும் விளக்கு பச்சையாத்தாங்க எரிஞ்சிருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பதினாறு வருஷம் நர்சா இருந்தவங்களே ஆறு நிமிஷம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க."

"அதை எழுதித் தர்றீங்களா? வாயால சொன்னா அம்மா நம்பாது."

எழுதித் தந்தேன். அந்த அம்மா படிக்க வேண்டும் என்பதால் தமிழில், பெரிய எழுத்தில். கருவி நின்றிருக்கலாம், நின்றிருந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை, அதற்குக் காரணம் உங்கள் மகன் இல்லை. இரண்டு தடவை வாசித்தார். தேதி போடச் சொன்னார். போட்டேன். கையெழுத்தின் கீழ் முழுப்பேரும் வீட்டு முகவரியும் கேட்டார். அதையும் எழுதினேன்.

"இத வெச்சுக் கேஸும் போடுவேன்" என்றார்.

"போடுங்க."

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே பட்டனைப் போட்டுக்கொண்டார். நாமக்கல் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். கேட்வரைக்கும் கூடப் போய் வழி காட்டினேன். வெயிலில் நடந்து போனார். மூலை திரும்புவதற்குள் இரண்டு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.